பேஸ்மென்ற் மாப்பிள்ளை

ஒன்றரை வருடமாக என் கணவரை, என் வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற ஆள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நகரசபைக் கட்டடத்தில் கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றி, சட்டப்படி முடித்த மனிதரைத்தான் சொல்கிறேன். இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. அந்தக் கெட்டித்தனம்தான் கடைசியில் எங்கள் இருவரையும் குடிவரவு அலுவலகத்துக்கு விசாரணைக்கு இழுத்துக்கொண்டு போனது.

வாடகைக்காரர் என்பது முழுப்பொய்யும் இல்லை. இவர் என் வீட்டுக்கு முதலில் அப்படித்தான் வந்தார். என் முதல் கணவர் இறந்து அப்போது எட்டு வருடம். பிள்ளைகள் இல்லை. ஸ்காபரோவில் ஒரு வீடு, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, கால் வலி, இவ்வளவுதான் என் சொத்து. கீழ்ப்பகுதி சும்மா கிடக்கிறதே என்று ஒருவரை வைத்தேன். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். என்னைவிட ஐந்து வயது இளையவர். வேலை அனுமதியில் வந்து ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் நின்றார். கதை மிகவும் குறைவு. என்னை "அக்கா" என்று கூப்பிடுவார், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

உடுப்புத் தோய்க்கிற மெஷின் கீழேதான் இருந்தது. ஒருநாள் நான் காயவைக்கிற மெஷினுக்குள் உடுப்புகளை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் எல்லாம் மடித்து, என் வேலைச் சட்டைகள் தனியாக, காலுறைகள் சோடி சோடியாகக் கூடைக்குள் இருக்கின்றன. எனக்கு வந்ததே கோபம்! "என்ர உடுப்பில கைவைக்கச் சொல்லி ஆர் சொன்னது?" என்று படியில் நின்றே கத்தினேன். "இனித் தொடமாட்டன் அக்கா" என்றார். சொன்னபடியே அடுத்த கிழமை தொடவில்லை. குவியலாகக் கிடந்த உடுப்பைப் பார்த்தபோது எனக்கு ஏனோ சீ என்று போய்விட்டது. அன்றைக்குத்தான் என் வருத்தம் என்னவென்று எனக்கு விளங்கியது.

கலியாணம் கேட்டதும் நான்தான். இவருக்கு விட்டிருந்தால் இருவருக்கும் எண்பது வயதாகியிருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம், மேலே என் குசினியில் இவர் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் சமையல் மேலே வந்துவிட்டது, அது வேறு கதை. "உங்களுக்கு என்னை முடிக்க விருப்பமோ இல்லையோ, ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ. நாளைக்கு எனக்கு விடிய வேலை" என்றேன். இவர் அடுப்பை நிறுத்தினார். கரண்டியைக் கழுவி வைத்தார். "விருப்பம் எண்டு சொன்னா ஏசுவீங்களோ எண்டு ஒரு வருசமாப் பயந்துகொண்டு இரிக்கன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டே செய்வது என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா மார்க்கம் நகரில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் தம்பி கொண்டுவந்து என் வீட்டில் இறக்கிவிடுவான். வெள்ளிக்கிழமை கோயில், விரதம். சனி காலையில் திரும்பக் கூட்டிக்கொண்டு போவான். பதிவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு வியாழன் கதையைத் தொடங்கலாம் என்று அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் அப்போதுதான் தொலைபேசியை வைத்திருந்தார். தூரத்துச் சொந்தத்தில் யாரோ ஒரு பெண், பிக்கரிங்கில் இருக்கிறவர், இரண்டாம்தரம் முடித்துவிட்டாராம்.

"அம்பது வயசில கலியாணமாம்! கண்டறியாத கலியாணம்! ஆக்களின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறாளோ" என்றார் அம்மா.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது. எழுந்துபோய் தேத்தண்ணி போட்டேன்.

பதிவுக்குச் சாட்சியாக வந்தவர்கள் என்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்கள். ஒருத்தி பிலிப்பைன்ஸ், மற்றவள் ஜமேக்கா. தமிழ் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. தமிழ் ஆள் ஒருவர் வந்தால் மார்க்கத்துக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். பின்னர் நான்கு பேருமாகப் போய்ப் பீட்சா சாப்பிட்டோம். அதுதான் எங்கள் கலியாண வீடு.

அதற்குப் பிறகு வந்த வியாழன்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். அம்மா வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் இவருடைய சாமான் எல்லாம் கீழே இறங்கும். சவரக் கத்தி, செருப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, தலையணை. கடைசியில் இவரும் இறங்குவார். சனி காலை தம்பியின் கார் சந்தியால் திரும்பியதும் எல்லாம் மேலே ஏறும். ஒருநாளாவது இவர் முகத்தைச் சுளித்தது கிடையாது. அதுவும் எனக்குக் கோபம். "உங்களுக்கு ரோசம் இல்லையே?" என்று ஒருநாள் கேட்டேன். "இரிக்கு. ஆனா உங்களுக்குப் பயம் அதைவிடக் கூட இரிக்கு" என்றார். நான் குப்பையை ஏன் இன்னும் வெளியே வைக்கவில்லை என்று சத்தம் போட்டேன்.

அம்மாவுக்கு வாடகைக்காரரை நல்ல பிடிப்பு. இவர் கார்க் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டு வருவார், "அம்மா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார், சும்மாவா? வடை சுட்டால் அம்மா "கீழ இருக்கிற தம்பிக்கும் ஒரு தட்டிலை குடு" என்பார். "மட்டக்களப்பு ஆக்கள் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சிடுவினம் எண்டு எங்கட ஊரில கதைப்பினம். இது பாவம், ஒரு சாது" என்பார். ஒருநாள் அதற்கும் மேலே போய்விட்டார்.

"உந்தப் பெடியனுக்கு ஒரு கலியாணத்தைப் பாத்துச் செய்து வைக்கவேணும். எனக்குத் தெரிஞ்ச இடத்தில ஒரு பிள்ளை இருக்கு."

"அவருக்கு ஒண்டும் வேண்டாம்!" என்று கத்தியே விட்டேன்.

"உனக்கேன் இப்ப கோவம் வருது?" என்று அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வாடகைக்காரன் கலியாணம் கட்டினால் அறையை விட்டுப் போய்விடுவான் என்ற கவலை போலும் என்று தானே முடிவு செய்துகொண்டார்.

இதற்கிடையில் இவருடைய வேலை அனுமதி முடிகிற காலம் வந்தது. இனி நீட்ட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனைவி என்ற முறையில் நான் பொறுப்பு நின்று, இவருடைய நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தோம். அது கிடைத்தால் இவர் இங்கே. கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். என் வீட்டுப் படியில் ஏறி இறங்கிய மனிதர் விமானம் ஏறிப் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? விண்ணப்பம் நிரப்பித் தந்த அண்ணை, அடுத்தவர் கதையை வெளியில் விடாதவர், படங்கள் எங்கே என்று கேட்டார். பதினொரு படம் கொண்டுபோனேன்.

"என்ன தங்கச்சி, எல்லாம் ஒரே குசினியாக் கிடக்கு? கலியாண ஹோல் எங்க? சொந்தபந்தம் எங்க? அல்பம் இல்லாத தமிழ்க் கலியாணத்தை அவங்கள் நம்பமாட்டாங்கள்."

"இருக்கிறதைத்தானே அண்ணை தரலாம்" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு வாங்கி வைத்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் வர, அம்மா வாசலிலேயே நிற்கிறார். முகத்தில் ஒரு பெருமை.

"பிள்ளை, இண்டைக்கு ரெண்டு பேர் வந்தவை. ஒரு ஆம்பிளை, ஒரு பொம்பிளை. கழுத்தில அட்டை தொங்குது. கீழ இருக்கிற தம்பியைப் பற்றி விசாரிச்சவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? ரெனன்ற் எண்டு, வாடகைக்கு இருக்கிறவர் எண்டு சொன்னன். பேஸ்மென்ற், ரெனன்ற், வெரி குட் மேன் எண்டு சொன்னன். கலியாணம் முடிச்சதோ எண்டு கேட்டினம். நோ, நோ, வி ஆர் லுக்கிங் எண்டு சொல்லிவிட்டன்."

அம்மாவின் இங்கிலீஷ் ஒருநாளும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. நான் சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்தேன். "என்ன, கால் நோகுதே?" என்று அம்மா தைலம் எடுக்கப் போனார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இருவரும் நேரில் வரவேண்டும். எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ பேருக்கு விசாரணை இல்லாமலே வீட்டுக்கு முடிவு வந்திருக்கிறது. எங்களை மட்டும் கூப்பிடுகிறார்கள் என்றால் ஏன் என்று விளங்காத அளவுக்கு நான் பேதையல்ல.

"அம்மாட்டச் சொல்லிடுவமே?" என்றார் இவர்.

"சொல்லுவம். முதல்ல இது முடியட்டும்" என்றேன். பயந்தாங்கொள்ளி. வேறு என்ன சொல்வது!

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அலுவலகம் நகரத்தின் மேற்குப் பக்கம், ரெக்ஸ்டேலைத் தாண்டி, விமான நிலையத்துக்குக் கிட்ட. வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியால ஓட்டம். நான் சேலை உடுத்துவதா காற்சட்டை போடுவதா என்று எட்டு மணி வரைக்கும் சண்டை, என்னோடு நானே. இவர் மினுக்கிய நீலச் சட்டையோடு ஏழு மணிக்கே கதிரையில் இருந்தார். காரில் போகும்போது தலைக்கு மேலே விமானங்கள் வயிறு தெரியத் தாழ்ந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை இவர் கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். "உந்தப் பிளேனை ஏன் பாக்கிறியள்? ரோட்டைப் பாருங்கோ" என்றேன். கார் ஓட்டிக்கொண்டிருந்தது நான்.

காத்திருக்கும் அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இவர் என் கையைப் பிடித்திருந்தார். கதவு திறந்து, கழுத்தில் ரை கட்டிய அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்து, "தமிழ் மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறன்" என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். தமிழ் ஆள்! நான் சடாரென்று கையை இழுத்துக்கொண்டேன். இவர் எழும்பி ஒரு கதிரை தள்ளிப் போய் இருந்தார். ஒன்றரை வருடப் பழக்கம், மூளைக்கு முன்னால் உடம்பு வேலை செய்துவிட்டது. அதோடு நின்றாரா? வந்தவரைப் பார்த்தபடி, மிகவும் மரியாதையாக, "அக்கா, தண்ணி ஏதும் கொண்டு வரட்டா?" என்று என்னைக் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கையிலிருந்த பேப்பரில் 'கணவன், மனைவி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

முதலில் இவரைக் கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பத்து நிமிடம், இருபது, நாற்பது. இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதற்காகத்தான் நான் இவரை முடித்தேன், அதற்காகவே அன்றைக்குப் பயந்தேன். நாற்பத்தைந்தாவது நிமிடம் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எல்லாத்தையும் சொல்லிட்டன்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஒரு இளம்பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். மேசையில் என் பதினொரு படங்களும் வரிசையாகக் கிடந்தன. எனக்கு இங்கிலீஷ் போதும் என்றாலும் மொழிபெயர்ப்பாளர் மூலையில் ஒரு கதிரையில் இருந்தார்.

"எல்லாப் படமும் ஒரே இடத்தில் எடுத்தவை. ஏன்?" என்று கேட்டாள்.

"வெளியில படம் எடுக்கிறேல்லை."

"எங்கள் ஆட்கள் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா, அவர் வாடகைக்கு இருக்கிறவர் என்றும், அவருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் கணவர், வியாழக்கிழமைகளில் தலையணையோடு கீழே போவதாகச் சொல்கிறார். உண்மையா?"

"உண்மை."

"இன்றைக்கு வெளியே அவர் உங்களை அக்கா என்று கூப்பிட்டாராமே?"

நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் கூரையைப் பார்த்தார். பாவம், அவருடைய வேலை அது.

விளங்கப்படுத்தத் தொடங்கினேன். விதவை என்றேன், வயது என்றேன், எங்கள் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்றேன், யாழ்ப்பாணம் என்றேன், மட்டக்களப்பு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எல்லாம் ஒரு சதத்துக்கும் உதவாத நியாயமாகக் கேட்டது. கலியாணம் முடித்ததுபோல நடிக்கிறவர்களைப் பிடிக்கிறதற்கென்று இருக்கிற இடத்தில், முடிக்காததுபோல நடித்தவள் நான் போய் அகப்பட்டிருக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட இந்தத் திருமணம் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் இதை இல்லை என்கிறார். நான் எதை வைத்து நம்புவது?"

கேள்வி நியாயமானது. அதுதான் என்னைச் சுட்டது. வெளியே நீலச் சட்டையோடு ஒரு மனிதர் இருக்கிறார், என் காலுறைகளைச் சோடி சேர்த்தவர், என் பயத்துக்காக ஒவ்வொரு வியாழனும் படி இறங்கியவர். அவரை இந்த நாட்டை விட்டு அனுப்பப்போவது இந்தப் பிள்ளையும் இல்லை, சட்டமும் இல்லை, நான்தான். எனக்கு வெட்கம் வந்தது. ஆட்களுக்கு முன்னால் வருகிற வெட்கம் இல்லை, இது வேறு.

"நான் இப்பவே ஒரு கோல் எடுக்கலாமோ?" என்றேன்.

தொலைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி போடுங்கள். அவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பார்" என்றாள்.

அம்மா ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"என்ன பிள்ளை, வேலை இல்லையே இண்டைக்கு?"

"அம்மா, கீழ இருக்கிறாரெல்லே…"

"ஓம், தம்பிக்கு என்ன?"

"நான் அவரைக் கலியாணம் முடிச்சிட்டன்."

மூலையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் அதை மெல்ல இங்கிலீஷில் சொன்னார். மறுபக்கம் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. பிறகு அது நின்றது.

"எப்ப?"

"ஒண்டரை வருசமாச்சு."

"ஆரைக் கேட்டு முடிச்சனீ?" அந்தக் குரலை நான் சின்ன வயதில் கேட்டது. "நான் செத்துப்போனன் எண்டு நினைச்சியோ? கொம்மா ஒருத்தி இருக்கிறாளெண்ட எண்ணம் இல்லையோ உனக்கு? ஒவ்வொரு கிழமையும் வந்து உன்ர வீட்டில சாப்பிட்டுப் படுத்தெழும்பிப் போறன், என்னை ஒரு விசரியாக்கி வைச்சிருக்கிறாய்!"

மொழிபெயர்ப்பாளர் விசரி என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறினார்.

"ஏசுங்கோ அம்மா. பிறகு எவ்வளவெண்டாலும் ஏசுங்கோ. நான் இப்ப இமிகிரேசன் ஒபிசுக்குள்ள நிண்டு கதைக்கிறன். அண்டைக்கு வீட்டை வந்து கேட்டவை இவையள்தான். நீங்கள் ரெனன்ற் எண்டு சொன்னதாலை இது பொய்க் கலியாணம் எண்டு நினைக்கினம். இவரைத் திருப்பி அனுப்பப் போகினம், அம்மா."

அழுதுவிட்டேன். மேசையிலிருந்த கடதாசிப் பெட்டியை அந்தப் பெண் என் பக்கம் தள்ளினாள்.

அம்மா மிகவும் சின்னக் குரலில் கேட்டார்: "அப்ப நான் சொன்னதாலையோ அந்தப் பிள்ளையை அனுப்பப் பாக்கினம்?"

"ஓம்."

"அட கடவுளே! வாயைத் திறந்து நல்லது சொல்லுறன் எண்டு நினைச்செல்லே சொன்னனான். ஒரு மனிசன்ர வாழ்க்கையை என்ர வாயாலை எல்லே கெடுக்க விட்டிருக்கிறாய். அங்க ஆர் இருக்கினம்? பெரியாள் ஆர்? அவையிட்டக் குடு."

"எல்லாருக்கும் கேக்குது, கதையுங்கோ."

அம்மா தொண்டையைச் செருமினார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்க, "நீங்கள் பேசாமல் இருங்கோ தம்பி, நானே சொல்லுவன்" என்று அவரை அடக்கினார். பிறகு அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மேடம். ரெனன்ற் நோ. மிஸ்டேக். மை மிஸ்டேக். ஹி இஸ் மை சன் இன் லோ."

சொல்லிவிட்டு என்னிடம் ஒரு சொல் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு இவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னாள். தான் கேட்க வேண்டியது முடிந்தது என்றும், இப்போது தனக்கு இது உண்மையான திருமணம் என்பதில் சந்தேகம் இல்லை என்றும், முடிவு எழுத்தில் வரும் என்றும் சொன்னாள். சொன்னபடி ஆறு கிழமையில் அனுமதி வந்தது. மொழிபெயர்ப்பாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இவரிடம் கையைக் கொடுத்து, "நல்லாயிருங்கோ" என்றார். அது அவருடைய வேலையில் சேராது.

கார் நிறுத்துமிடத்தில் போய் இருந்தபிறகுதான் இவருக்கு நடந்ததைச் சொன்னேன். "அம்மாட்டச் சொல்லிட்டன்" என்றேன். இவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது. "ஏசினாவா?" என்று கேட்டார். "நல்லா." "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் இந்த மனிதர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன், அதற்குள் என் தொலைபேசி அடித்தது. அம்மா.

"உன்னோட எனக்குக் கதையில்லை. அவரிட்டக் குடு."

சத்தத்தைக் கூட்டி இருவருக்கும் நடுவே பிடித்தேன்.

"அம்மா" என்றார் இவர்.

"தம்பி, உங்கட அம்மா இருக்கிறாவெல்லே ஊரில? அவவுக்காவது தெரியுமோ, இல்லாட்டி அங்கையும் இதே நாடகமோ?"

"தெரியும் அம்மா. கலியாணம் எழுதின அண்டைக்கே சொல்லிட்டன்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றரை வருடமாகக் கணவன் மனைவியாக ஒரு வீட்டில் இருக்கிறோம். நான் மறைத்ததால் இவரும் மறைத்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வியாழன், வெள்ளி இரவுகளில் கீழே இவர் ஊருக்குக் கதைக்கிற சத்தம் கேட்கும், என்ன கதைக்கிறார் என்று யோசித்ததும் இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று சைகையில் கேட்டேன்.

"நீங்க கேக்கல்லயே" என்றார், மெல்லிய குரலில்.

"அப்ப அவ என்ன சொன்னவ?" இது அம்மா.

"சந்தோசம் எண்டா. மருமகளோட கதைக்கவேணும் எண்டா. அவ இங்க தன்ர அம்மாட்டச் சொல்லுமட்டும் பொறுங்க, பிறகு கதைக்கலாம் எண்டு நான்தான் சொன்னன்."

அம்மாவுக்கு மூச்சு இரைத்தது கேட்டது. "ஐயோ, என்ன பிறவியள் நீங்கள் ரெண்டு பேரும்! பெண்ணைக் குடுத்த வீட்டுக்காரி ஒரு வார்த்தை கதைக்காமல் இருக்கிறாள் எண்டால் என்னைப் பற்றி அந்த மனிசி என்ன நினைச்சிருப்பா? நம்பரைச் சொல்லுங்கோ தம்பி. பேனை எடுத்திட்டன்."

இவர் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதினார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை.

"இப்ப அங்க என்ன நேரம்?"

"இரவு பத்தரை ஆகுது அம்மா."

"படுத்திருப்பாவே? நாளைக்கு எடுக்கட்டே?"

"இல்லை, முழிச்சுத்தான் இரிக்கா. இண்டைக்கு விசாரணை எண்டு தெரியும். என்ன நடந்தது எண்டு கேக்கப் பாத்துக்கொண்டு இரிக்கா."

மறுபக்கம் அம்மா பேனையை மூடுகிற சத்தம் கேட்டது.

"ஒண்டரை வருசமா அந்த மனிசியைக் காக்க வைச்சது காணும், இனியும் வேண்டாம்" என்றார். "வையுங்கோ போனை. நான் எடுத்துச் சொல்லுறன்."